மாறாமலைக் கிராம்பு

நாஞ்சில் நாடு என்றவுடன் நெல்வயலும் தென்னந்தோப்பும் குளக்கரையும் மனக்கண்ணில் தோன்றுவது இயல்பே. ஆயினும் அந்நாட்டின் வடதிசையில், மகேந்திரகிரியையும் வீரப்புலிக் காட்டையும் சார்ந்த மலைச்சரிவுகளில், மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலை என்னும் இடங்களில், தூர தேசத்துத் தீவுகளில் பிறந்த ஒரு விருட்சம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றி நின்று, பாரத நாட்டுக் கிராம்பு விளைச்சலில் பெரும்பகுதியைத் தந்து வருகிறது என்பதை, வயலோரத்தில் வாழும் நாஞ்சில் நாட்டாரிலேயே பலர் அறியார்.

கிராம்பின் ஜன்மபூமி இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகள்; அவற்றுள்ளும் டெர்னாட்டே, டிடோரே, மோட்டி, மாக்கியன், பாச்சான் என்னும் ஐந்து சிறு தீவுகளே. அங்கிருந்து காய்ந்த மொட்டாக அது நம் நாட்டுக்கு வந்த காலம் மிகப் பழையது. வேறு தீவுகளிலிருந்து காற்று சுமந்துவரும், கிராம்பாகிய இலவங்கப் பூவைக் காளிதாசன் ரகுவம்சத்தில் குறிப்பிடுகிறான். ஈழத்தின் மாதோட்டத் துறைமுகத்தைத் தோண்டியவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கிராம்பு ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார்கள். சரக்கு வந்ததே தவிர, மரம் வரவில்லை.

மரம் வராதபடி பிற்காலத்தில் காவல் காத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1605-இல் அம்போன் தீவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கிராம்புப் பயிரை அம்போனிலும் அதைச் சுற்றிய சில தீவுகளிலும் ஒடுக்கி, மற்றத் தீவுகளில் நின்ற மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்க்க ஆயுதந்தாங்கிய படகுகளை அனுப்பினார்கள். மரத்தை இழக்கச் சம்மதித்த டெர்னாட்டே சுல்தானுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்தார்கள். ஒரு கம்பெனியின் லாபத்துக்காக ஒரு ஜனசமூகத்தின் மூதாதையர் வளர்த்த மரங்களைக் கோடரிக்கு இரையாக்கிய இச்செயலை, வர்த்தக சரித்திரத்தின் கொடிய அத்தியாயங்களுள் ஒன்றென்றே நான் கருதுகிறேன். அதே டச்சுக் கம்பெனியின் படையைத்தான் 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா குளச்சலில் முறியடித்தார். குளச்சல் சண்டை மிளகின் பொருட்டு எழுந்தது. கிராம்பின் காவல் உடைந்தது வேறிடத்தில். மொரீஷியஸின் பிரெஞ்சு நிர்வாகியான புவாவ்ர் 1770-இல் நாற்றுகளை ரகசியமாக வரவழைத்தார். 1796-இல் ஆங்கிலேயர் மொலுக்கஸைப் பிடித்ததும், கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவர நிபுணர் அங்கே சென்று, ஆங்கிலக் கம்பெனியின் தோட்டங்களுக்கென்று ஆயிரக்கணக்கான கன்றுகளைக் கப்பலேற்றி அனுப்பினார்.

தமிழ் மண்ணில் கிராம்பு முதலில் கால்கொண்ட இடம் குற்றாலம். 1800-ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வைத்த வாசனைத் திரவியத் தோட்டத்தில் அது தழைக்கக் கண்டு, 1850-க்குப் பின்னர் அன்று திருவிதாங்கூரின் தென்கோடியாயிருந்த நாகர்கோவில் பக்கத்து மலைகளுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். அப்பகுதியிலுள்ள ஆசாம்பு மலையில் துரைமார் காப்பித் தோட்டம் போட்ட காலமும் ஏறக்குறைய அதுதான். காப்பியை இலைநோய் வாட்டிற்று, கிராம்பு நிலைத்தது.

அது நிலைத்ததற்குக் காரணம் மழையே என்று சொல்லலாம். தென்மேற்கும் வடகிழக்குமாகிய இருபருவ மழையும், கடற்காற்று கொண்டுவரும் ஈர மூட்டமும், மிதமான வெப்பமும் சேர்ந்து, தீவில் பிறந்த மரத்துக்கு ஏறக்குறைய ஒரு தீவின் சுவாத்தியத்தையே இம்மலைகளில் அளிக்கின்றன. மொட்டின் எண்ணெய் அதிகம் ஆவியாகிப் போகாமல் நிற்பதும் இதனால்தான் என்பர். நட்ட கன்று பூக்க ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். பச்சை மொட்டு இளஞ்சிவப்பேறி, இதழ் விரியுமுன்னே கொத்தோடு பறித்தாக வேண்டும். விரிந்துவிட்டால் விலை போய்விடும். உயர்ந்த மரமாதலாலும், கொம்புகள் எளிதில் முறியக்கூடியவையாதலாலும், ஏணி சாத்தி ஏறிக் கையாலேயே பறிக்கிறார்கள். பிறகு காம்பு ஆய்ந்து, நான்கைந்து நாள் வெயிலில் உலர்த்தினால் மூன்று பங்கு மொட்டு ஒரு பங்காகச் சுருங்கிக் கருஞ்செந்நிறம் பெறும். ஏலக்கடையில் கிராம்பின் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இந்த ஏணியை ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

2021-இல் இம்மலைகளின் விளைச்சலுக்குக் கன்னியாகுமரிக் கிராம்பு என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் நம் நாட்டின் தேவைக்கு இவ்விளைச்சல் போதாது. இலங்கை, மடகாஸ்கர், இந்தோனேசியா முதலிய இடங்களிலிருந்து கப்பலில் வரும் சரக்கே சந்தையை நிரப்புகிறது. ஒரு வருஷம் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் மரம் மறுவருஷம் வெறுமனே நிற்பதும் உண்டாகையால், மாறாமலையில் கிராம்பை நம்பிப் பிழைப்பவர்கள் வானத்தையும் பார்க்கிறார்கள், இறக்குமதி விலையையும் விசாரிக்கிறார்கள்.