கருமையும் ஒரு கருவி: ‘ஸ்டார் வார்ஸ்’ திரையரங்குப் பிரதியும் வீட்டுப் பதிப்புகளும்

பழைய படமொன்று ப்ளூ-ரேயில் வெளிவரும்போது, அன்று அரங்கில் கண்ணுக்குப் படாததெல்லாம் இன்று தெரிகிறது என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். படக்கூடாதென்று மறைத்தது தெரிந்தால் அது பெருமையா? ஜார்ஜ் லூக்காஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) இதைச் சோதிக்க ஏற்ற படம்.

அதன் விண்வெளிப் போர்க் காட்சிகள் தனித்தனியாகப் படம்பிடித்த மாதிரிக் கலங்களை ஆப்டிகல் பிரிண்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து உருவானவை. கலத்தைச் சுற்றியுள்ள விளக்கும் தாங்கியும் தெரியாதிருக்க, அதைச் சுற்றி ஒரு மறைப்புக் கட்டம் இடுவார்கள். கட்டத்தின் கருமையும் விண்வெளியின் கருமையும் சற்றே வேறு. திரையரங்குப் பிரதியின் அடர்ந்த இருளில் அந்த வேறுபாடு அமிழ்ந்துபோகும். தொலைக்காட்சிக்காக இருண்ட பகுதிகளை வெளிறச் செய்தபோதோ, வி.எச்.எஸ்., லேசர் டிஸ்க் பதிப்புகளில் கலங்கள் சாம்பல்நிறப் பெட்டிகளுக்குள் பறந்தன. இதைத் தொழில்நுட்பக் கலைஞர்களின் குறையாகக் கொள்வது தவறு. பிரதியின் கருமையை நம்பியே அவர்கள் வேலை செய்தார்கள். அதுவும் அவர்களுடைய கருவிகளுள் ஒன்று.

2004இன் டிவிடி எதிர்த்திசையில் பிழைபட்டது. பெட்டிகள் மறைந்தன, நிழல்களிலிருந்த நுணுக்கமும் கூடவே மூழ்கியது. கதாநாயகன் லூக் பயிற்சி செய்யும் காட்சியில் நீல ஒளிவாள் பச்சையானது.

1981இல் தொடக்க எழுத்தில் சேர்ந்த ‘நான்காம் அத்தியாயம்’, 1997இல் நுழைந்த ஜாபா காட்சி ஆகியவற்றைப் பற்றிப் போதுமான அளவு சண்டை நடந்துவிட்டது. அவை இடைச்செருகல்கள், எவர் கண்ணுக்கும் படும். ஏடு எழுதுவோர் ஓசையின்றி மாற்றிய ஓரெழுத்தே பதிப்பாசிரியரை அதிகம் அலைக்கழிப்பது. நிறத் திருத்தம் அந்த வகையைச் சேர்ந்தது. ஒப்பிட வேறு சுவடி இல்லாதவரை அது தெரியவே தெரியாது.

அந்தச் சுவடி எது? ஈஸ்ட்மன் சுருளில் எடுத்த அக்காலப் பிரதிகளில் நீலமும் பச்சையும் மங்கி, செம்மை மட்டும் எஞ்சுகிறது. பிரிட்டனில் டெக்னிகலர் சாயப்பதிவு முறையில் எடுத்த பிரதிகளின் கதை வேறு. மூன்று அச்சுப்படலங்களிலிருந்து மூன்று சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருளில் ஒற்றப்படுவதால் அந்நிறம் எளிதில் மங்குவதில்லை. ஹாலிவுட்டில் இம்முறை 1970களின் நடுவிலேயே கைவிடப்பட்டிருந்தது. 2025 ஜூனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் லண்டனில் திரையிட்டது இத்தகைய பிரதியையே.

ஆயினும் பிரதியைத் தெய்வவாக்காகக் கொள்வதற்கில்லை. நெகட்டிவிலிருந்து பல தலைமுறை தள்ளி வந்தது அது, கூர்மை குறைந்தது, சாயப்பதிவுக்கே உரிய அழுத்தமான ஒளிமாறுபாடு கொண்டது. ஒலியிலும் ஒரு பிரதி ஒரு பாடத்தையே தரும். 1977இல் 70 மி.மீ. ஆறு தடம், 35 மி.மீ. டால்பி ஸ்டீரியோ, மோனோ என மூன்று கலவைகள் இருந்தன. மோனோவில் லூக்கின் அத்தை பெருவின் குரலே வேறு. ஆகவே நிறத்துக்குச் சாயப்பிரதி, நுணுக்கத்துக்கு நெகட்டிவ், கருமையின் அளவுக்கு மறுபடியும் பிரதி என்று சான்றுகளைப் பகுத்துக் கொள்வதே முறை. பல ஏடுகளை அருகருகே வைத்துப் பாடங்கண்ட உ.வே. சாமிநாதையருக்கு இது புதுமையாக இருந்திராது.

வீட்டுப் பதிப்புகளிலோ இச்சான்றுகள் பிரிந்தே கிடக்கின்றன. 2006இல் வந்த டிவிடித் தொகுப்பில் இரு வட்டுகள். ஒன்றில் 2004இன் துப்புரவான படமும் திருத்திய பாடமும். மற்றதில் 1977இன் பாடம், தொடக்க எழுத்து உட்பட. ஆனால் அது 1993 லேசர் டிஸ்க்குக்கான பழைய மூலத்திலிருந்து எடுத்தது. அகலத்திரைத் தொலைக்காட்சியில் போட்டால் நாற்புறமும் கறுப்புப் பட்டை சூழ, படம் நடுவே சிறுத்து நிற்கும்.