கதிரில் விளைந்த நஞ்சும் மருந்தும்

குருமடத்தில் பயின்ற நாள்களில், மேனியெங்கும் புண்ணாகிச் சிலுவையில் தொங்கும் இயேசுவின் ஓவியப் படமொன்றை நாம் அடிக்கடி கண்டதுண்டு. குரூனவால்ட் என்னும் ஓவியர் இசன்ஹைம் மடத்திற்கென 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது அது. அந்தப் புண்களின் வரலாற்றைப் பிற்பாடே அறிந்தோம்.

அக்கால ஐரோப்பாவில் ஏழைகளின் உணவான ரை தானியக் கதிர்களில் எர்காட் என்னும் கருநிறப் பூஞ்சை பற்றும். அது கலந்த ரொட்டியை உண்டோரின் கைகால்கள் தீப்பட்டாற்போல் எரிந்து, கறுத்து, அழுகி விழுந்தன. சிலர் வலிப்பும் மனமயக்கமும் கண்டனர். வனத்து அந்தோனியாரின் பரிந்துரையை நாடிய மக்கள் அந்நோயை 'அந்தோனியார் நெருப்பு' என்றனர். அவர் பெயர் தாங்கிய சபைத் துறவிகள் அந்நோயாளிகளைப் பேணிய இடங்களுள் ஒன்றே இசன்ஹைம்.

அதே நஞ்சைச் சிறிதளவு கொடுத்து மகப்பேற்றை விரைவுபடுத்திய மருத்துவச்சிகளும் இருந்தனர். இந்த இரண்டாம் முகத்தைத் தேடியவர்களுள் ஒருவர், 1929இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தில் சேர்ந்த வேதியியலார் ஆல்பர்ட் ஹோப்மன். எர்காட்டின் கருப்பொருளான லைசெர்ஜிக் அமிலத்தோடு பிற பொருள்களை இணைத்து, இரத்த ஓட்டத்தையும் சுவாசத்தையும் தூண்டும் மருந்தொன்றை உருவாக்க அவர் விழைந்தார். 1938 நவம்பர் 16 அன்று அவ்வரிசையின் 25ஆம் சேர்மமாகிய எல்.எஸ்.டி. பிறந்தது. விலங்குகளில் சோதித்துச் சிறப்பேதும் காணாமல் அதனை ஒதுக்கிவிட்டனர்.

1943 ஏப்ரலில் அதனை மீண்டும் தயாரிக்கையில், தற்செயலாக அது சிறிது உடலிற்சேர, விந்தையான தோற்றங்கள் அவர் கண்முன் விரிந்தன. காரணம் அறிய, ஏப்ரல் 19 அன்று 0.25 மில்லிகிராமைத் தாமே உட்கொண்டார். அற்பமென எண்ணிய அந்த அளவே மிகையாயிற்று. உதவியாளர் துணையுடன் மிதிவண்டியில் இல்லம் சேர்ந்தவர், அறிவு பேதலித்ததோ, சாவு நெருங்கிற்றோ என்று நடுங்கினார். மறுநாள் தெளிவுற்று எழுந்தார்.

1947இல் 'டெலிசிட்' என்னும் பெயரில் அது மனநல மருத்துவர்களின் ஆய்வுக்குச் சென்றது. ஆயின் 1950களில் அமெரிக்க உளவுத்துறையினர் அதனைச் சம்மதம் பெறாமலேயே பலருக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1960களில் இளைஞர் பலர் அதன் மயக்கில் வீழ்ந்தனர். 1965இல் நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியது. 2008இல் 102 வயதில் மறைந்த ஹோப்மன், அதனைத் தம் 'கவலைக்குரிய பிள்ளை' என்றே குறிப்பிட்டார். அவர் பங்குகொண்ட எர்காட் ஆய்வின் மற்றொரு பிள்ளையான மெதர்ஜினோ, பிரசவத்திற்குப் பின் பெருகும் குருதியைத் தடுத்து இன்றும் தாய்மாரைக் காத்து வருகிறது.

ஹோப்மன் அறியாததைத் தம் உடலிலேயே சோதித்தார். உளவுத்துறையினரோ அறியாதவர் உடலைத் தேடிச் சென்றனர். இசன்ஹைம் துறவிகளிடம் எல்.எஸ்.டி.யும் இல்லை, மெதர்ஜினும் இல்லை. ஆயினும், நோயாளியின் புண்ணைத் தம் ஆண்டவரின் மேனியில் கண்டவர்களுக்கு, அவன் ஒருபோதும் வெறும் ஆய்வுப்பொருளாகத் தோன்றியிருக்க முடியாது. மருந்து தேடும் எந்தக் காலத்திற்கும் அந்தப் பார்வை வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம்.