படிக்கட்டு மின்தூக்கி இறக்குமதி: சுங்க வரியைத் தீர்மானிப்பது எது?

ஐதராபாத்: மாடிப்படி ஏற இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை இருக்கையில் அமர்த்தி மேல்தளத்துக்குக் கொண்டுசெல்லும் 'ஸ்டேர்லிஃப்ட்' எனப்படும் படிக்கட்டு மின்தூக்கியை இறக்குமதி செய்யும்போது, அதைச் சுங்க அட்டவணையின் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்ற கேள்வி எழுகிறது. செலுத்த வேண்டிய வரி இதற்கான விடையைப் பொறுத்தே அமைகிறது.

இரண்டு தலைப்புகள்

சுங்கக் கட்டணச் சட்டம், 1975-இன் முதல் அட்டவணையில் 8428 என்ற தலைப்பு மின்தூக்கி, எஸ்கலேட்டர் உள்ளிட்ட தூக்கும் இயந்திரங்களுக்கு உரியது. 8713 என்ற தலைப்பு சக்கர நாற்காலி உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகளுக்கு உரியது.

இறக்குமதியின்போது வசூலிக்கப்படும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி முதல் தலைப்புக்கு 18 சதவீதம். இரண்டாவதற்கு 5 சதவீதம். சுங்க வரியும் சேர்ந்த மதிப்பு ரூ.1 லட்சம் எனில், ஜிஎஸ்டி மட்டும் ரூ.18,000 அல்லது ரூ.5,000 ஆகும்.

வகைப்பாடு எப்படி?

படிக்கட்டு மின்தூக்கி, படியிலோ சுவரிலோ பொருத்தப்பட்ட தண்டவாளத்தில் மோட்டார் விசையால் ஏறி இறங்குவது. அது தரையில் உருண்டு செல்லும் வண்டி அன்று. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகளும் இக்கருவியை 8428 தலைப்பின்கீழ் குறிப்பிடுகின்றன. பயன்படுத்துபவர் மாற்றுத்திறனாளி என்பதால் மட்டும் தலைப்பு மாறுவதில்லை.

தண்டவாளம், இருக்கை, மோட்டார் ஆகியவை தனித்தனிப் பெட்டிகளில் ஒன்றாக வந்தாலும், பொருள்விளக்கப் பொது விதி 2(அ)-இன்படி அவை முழுமையான கருவியாகவே கருதப்படும். பின்னர் பழுதுபார்க்கத் தனியாக வரவழைக்கப்படும் பாகங்களுக்கு 8431 என்ற தலைப்பு உள்ளது. தானே படியேறும் சக்கர நாற்காலி இதிலிருந்து வேறுபட்டது. அதற்கு 8713 தலைப்பு பரிசீலனைக்கு வரும்.

விலக்கு தனி

வகைப்பாடும் வரிவிலக்கும் வெவ்வேறானவை. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கெனச் சிறப்பாக வடிவமைக்கப்பட்ட பொருள்களுக்கு, அவற்றின் வழக்கமான தலைப்பு எதுவாயினும், தனிப் பிரிவின்கீழ் வரியில்லா அனுமதி உண்டு. இந்தியாவில் சலுகை கோரும் பொருள் விலக்கு அறிவிக்கையின் வரம்புக்குள் வர வேண்டும்.

விலக்கு அறிவிக்கையில் ஐயம் எழுந்தால் அதன் பலன் அரசுக்கே சேரும் என, திலீப் குமார் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018-இல் தீர்ப்பளித்தது. விலக்குக்குத் தகுதி உண்டு என்பதை இறக்குமதியாளரே நிரூபிக்க வேண்டும். மாறாக, இறக்குமதியாளர் குறிப்பிட்ட தலைப்பைத் துறை மாற்ற விரும்பினால், அதை நிரூபிக்கும் பொறுப்பு துறையைச் சேரும் என எச்பிஎல் கெமிக்கல்ஸ் வழக்கில் 2006-இல் கூறப்பட்டது.

ஐதராபாத்தில் நடைமுறை

ஐதராபாத்துக்கு வரும் சரக்குகள் சனத்நகர் உள்நாட்டுச் சரக்குப் பெட்டக முனையம், சம்சாபாத் விமான நிலையச் சரக்கு வளாகம் போன்ற இடங்களில் சுங்க அனுமதி பெறுகின்றன. சுங்கச் சட்டம், 1962-இன் 17-ஆவது பிரிவின்படி இறக்குமதியாளரே தலைப்பையும் வரியையும் மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும். வரி குறைவாகச் செலுத்தப்பட்டிருந்தால் 2 ஆண்டுகளுக்குள்ளும், உண்மை வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருந்தால் 5 ஆண்டுகளுக்குள்ளும் துறை நோட்டீஸ் அனுப்பலாம்.

துறையின் உத்தரவை எதிர்த்து 60 நாள்களுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) முறையிடலாம். அடுத்த கட்டமான சுங்கம், கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அமர்வு ஐதராபாத்திலேயே உள்ளது.

தகராறைத் தவிர்க்க விரும்புவோர், பொருளை வரவழைக்கும் முன்பே டெல்லி, மும்பையில் உள்ள சுங்க முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்தை அணுகலாம். விண்ணப்பித்த 3 மாதங்களுக்குள் தீர்ப்பு வழங்கப்பட வேண்டும். சட்டமோ சூழலோ மாறாத வரை அத்தீர்ப்பு சட்டத்தில் குறிப்பிடப்பட்ட காலத்துக்குச் செல்லும்.