லண்டன் ஹீத்ரோ – நியூயார்க் கென்னடி: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

லண்டனின் ஹீத்ரோ, நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி ஆகிய விமான நிலையங்களை இணைக்கும் வட அட்லாண்டிக் வான்வழியின் நீளம் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர், அதாவது சுமார் 3,000 கடல் மைல் ஆகும் (1 கடல் மைல் = 1.852 கி.மீ.). தொலைவு இரு திசைகளிலும் ஒன்றாக இருந்தும், காற்றின் போக்கால் பயண நேரம் திசைக்குத் திசை வேறுபடுகிறது.

தொலைவு

பூமியின் மையம் வழியாகச் செல்லும் தளம் புவிப்பரப்பை வெட்டும் வட்டம் பெருவட்டம் எனப்படும். இரு நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி அதன் வில்லே என்பதால், வான்வழித் தொலைவு அதைக் கொண்டே கணிக்கப்படுகிறது. தட்டையான உலகப் படத்தில் இரு நகரங்களையும் இணைக்கும் நேர்கோடு பெரும்பாலும் திறந்த கடல்மீது செல்ல, பெருவட்டப் பாதையோ வடக்கே வளைந்து அயர்லாந்தைக் கடந்து, நியூஃபவுண்ட்லாந்தின் மேலாகத் தென்மேற்கே இறங்குகிறது.

பயண நேரம்

அட்டவணையில் காணப்படும் நேரம் ‘பிளாக் டைம்’ எனப்படும். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து சேருமிடத்தில் நிறுத்தப்படும் வரையிலான காலம் இது. ஓடுபாதைவரை ஊர்வதும் வரிசையில் காத்திருப்பதும் இதில் அடங்கும். நியூயார்க் செல்ல இது ஏறத்தாழ 8 மணி நேரமாகவும், லண்டன் திரும்ப ஏறத்தாழ 7 மணி நேரமாகவும் உள்ளது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம், ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக் காற்றாகும். எடுத்துக்காட்டாக, காற்றைச் சார்ந்து மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு வழி முழுவதும் 150 கி.மீ. பின்காற்று கிடைத்தால் அதன் தரைவேகம் 1,050 கி.மீ. ஆகி, 5,550 கி.மீ. தொலைவை 5 மணி 17 நிமிடத்தில் கடக்கும். அதுவே எதிர்க்காற்றானால் 7 மணி 24 நிமிடம் ஆகும். காற்றில்லாத நாளில் போய்வர 12 மணி 20 நிமிடம் போதும். இங்கோ 12 மணி 41 நிமிடம் தேவைப்படுவதால், எதிர்க்காற்றில் இழந்த நேரத்தைப் பின்காற்று முழுமையாக ஈடுசெய்வதில்லை என்பது விளங்கும். இதனால் விமானங்கள் பெருவட்டத்தை விட்டு விலகியும் பறக்கின்றன. மேற்கு நோக்கிய பகல்நேரத் தடங்களை ஷான்விக் கட்டுப்பாட்டு மையமும், கிழக்கு நோக்கிய இரவுநேரத் தடங்களைக் கனடாவின் காண்டர் மையமும் நாள்தோறும் வானிலைக்கேற்ப வகுத்துவந்துள்ளன.

கடிகார நேரம்

நியூயார்க் நேரம் லண்டனைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. கோடைக்கால நேரமாற்றத்தை இரு நாடுகளும் வெவ்வேறு நாள்களில் செய்வதால், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இது 4 மணி நேரமாகக் குறையும். லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் 8 மணி நேரப் பயணத்துக்குப் பின், நியூயார்க்கின் கடிகாரப்படி பிற்பகல் 1 மணிக்கே சேர்ந்துவிடும். அங்கிருந்து இரவு 7 மணிக்குப் புறப்படுவது மறுநாள் காலை 7 மணிக்கு லண்டனை அடையும்.

வேகச் சாதனைகள்

ஒலியை விஞ்சிய வேகத்தில் பறந்த கான்கார்டு விமானம், 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் பறந்தது. கான்கார்டு 2003இல் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது வலுத்த தாரைக் காற்றின் துணையுடன், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று அதே தொலைவை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது.