வரியில்லாத தலை: இளம் வரித்தலை வாத்தை ஒளிப்படத்தில் அடையாளம் காணல்

வரித்தலை வாத்தை (ஆன்செர் இண்டிகஸ்) இனங்காண்பது எளிது என்ற எண்ணம் பறவை ஆர்வலர்களிடையே வேரூன்றியிருக்கிறது. வெள்ளைத் தலையின் பின்புறத்தில் இரண்டு கரும்பட்டைகள். வேறெந்தக் காட்டு வாத்துக்கும் அவை இல்லை. ஆனால் இந்த எளிமை வளர்ந்த பறவைக்கு மட்டுமே உரியது. மங்கோலியாவிலோ திபெத்திலோ லடாக்கிலோ கோடையில் பொரிந்து, முதல் குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிக்கு வந்து சேரும் இளம் பறவைக்கு அந்தப் பட்டைகளே இல்லை. நெற்றியும் முகமும் வெளிறியிருக்கும். உச்சியின் பின்பகுதியிலிருந்து பின்கழுத்துவரை கருஞ்சாம்பல் நிறம் இறங்கும். அலகும் காலும் மங்கிய மஞ்சள். இத்தகைய பறவையை மட்டும் நெருக்கமாக வெட்டியெடுத்த படத்தைக் கொண்டு இனத்தை முடிவுசெய்வது ஆபத்தானது என்பதே என் வாதம். சுற்றியுள்ள கூட்டமும் நிலமும் பறவையின் இறகைப் போலவே சான்றுகள்.

கொல்லிமலையிலிருந்து ஓர் இளம் காட்டு வாத்தின் படம் வருவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் காடும் தோட்டமும் படிக்கட்டு வயல்களுமாக அமைந்த மலை அது. அகன்ற நீர்ப்பரப்பும் அதையொட்டிய திறந்த மேய்ச்சல் வெளியும் தேடும் வாத்துக்கு ஏற்ற இடமன்று. ஆகவே முதலில் எழ வேண்டிய ஐயம், அது வீட்டில் வளர்க்கும் கூஸ் வாத்தா என்பதே. பழுப்பு நிறச் சீன வகைக் கூஸ், கிழக்காசிய அன்ன வாத்தின் வழிவந்தது; அதற்கும் வெளிறிய முன்கழுத்தும் கரும்பழுப்புப் பின்கழுத்தும் உண்டு. நெற்றிப் புடைப்பு முழுதாக வளராத இளம் பருவத்தில், பக்கவாட்டுப் படத்தில், இரண்டும் குழம்பும். இங்கே நிறத்தைவிட உடலமைப்பையே நம்பலாம். வீட்டு வாத்தின் பின்பகுதி கனத்துத் தொங்கும், அலகு கறுத்து நீண்டிருக்கும். வரித்தலை வாத்தின் அலகு குட்டையானது, நுனியில் மட்டும் கருப்பு. இறக்கை நீளமானது, மடக்கினாலும் வால்நுனியை எட்டும்.

நிறத்தை ஏன் நம்பக்கூடாது? மாலை வெயிலில் மஞ்சள் கால் ஆரஞ்சாகும். ஒளி மிகுந்தால் முகத்தின் சாம்பல் நிறம் வெள்ளையில் கரையும். சேற்றில் மேய்ந்த பறவைக்குக் கழுத்தே வேறு நிறம். மற்றொரு காட்டு வாத்தான கிரேலாக்கின் இளஞ்சிவப்பு அலகையும் கால்களையும்கூட இத்தகைய வெளிச்சத்தில் உறுதிசெய்ய முடியாது. தொலைவுவில்லையில் உருவ அளவும் ஏமாற்றும். இறகின் வடிவம் ஏமாற்றாது. வளர்ந்த வாத்தின் தோள், விலா இறகுகளின் நுனி சதுரமாக இருப்பதால் வெளிர் விளிம்புகள் ஒன்றுசேர்ந்து நேர்க்கோடுகளாகத் தெரியும். இளம் பறவையின் இறகுகள் சிறியவை, நுனி உருண்டவை. அதனால் கோடுகள் உடைந்து செதில்களாகத் தோன்றும். குளிர்காலம் முழுவதும் உடலிறகுகள் படிப்படியாக மாறி, தலையில் பட்டைகள் அரும்பத் தொடங்கும். பிப்ரவரிப் படத்தில் பட்டை இருப்பதாலேயே பறவை முதிர்ந்தது என்று எழுதிவிடக் கூடாது. இறக்கையின் சிறகுகள் அடுத்த கோடைவரை மாறுவதில்லை. தேய்ந்த பழைய இறக்கையிறகுகளை அங்கே தேட வேண்டும்.

இத்தனைக்கும் மேலான சான்று ஒன்று உண்டு. வாத்துக் குடும்பங்கள் கோடையோடு கலைவதில்லை. குஞ்சுகள் பெற்றோருடனேயே வலசை வந்து, குளிர்காலத்தையும் அவற்றோடு கழிக்கின்றன. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் இதைக் காண ஏற்ற இடம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் இந்தியா அறிவித்த இந்த ஏரிக்கு வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வருகின்றன. பட்டையுள்ள இரண்டு தலைகளை ஒட்டியே பட்டையில்லாத இரண்டு மூன்று தலைகள் நகர்வதைக் காட்டும் அகலமான படம், அலகை நுணுக்கமாகக் காட்டும் படத்தைவிட உறுதியான விடையைத் தருகிறது. நம் படக்காரர்கள் அழகுக்காக வெட்டியெறிவது பெரும்பாலும் இந்தச் சான்றைத்தான் என்பது வருத்தத்துக்குரியது.

இது பெயர்ச் சிக்கல் மட்டுமன்று. கூட்டத்தில் இளம் பறவைகளின் விகிதம், எட்டாத தொலைவிலுள்ள இனப்பெருக்க ஏரிகளில் அந்த ஆண்டு எப்படிப் போனது என்பதன் அளவுகோல். நோய்க் கண்காணிப்புக்கும் சரியான இனங்காணல் தேவை. 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் 6000க்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. அவற்றில் மிகுதியானவை வரித்தலை வாத்துகளே. கொல்லிமலை அடிவாரத்தில் விரிந்திருக்கும் நாமக்கல், நாட்டின் பெரிய முட்டை உற்பத்தி வட்டாரங்களுள் ஒன்று. அங்கே ஒரு கூஸ் வாத்தைக் காட்டு வாத்தென்று பதிவுசெய்தாலும், காட்டு வாத்தைத் தவறவிட்டாலும், நோய்க் கண்காணிப்புக்குப் பயன்படும் தரவு கெடுகிறது.

விகிதம் கணக்கிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்னகிள் வாத்துகளில் குடும்பங்கள் கூட்டத்தின் விளிம்பில் மேய்வது அறியப்பட்ட செய்தி. வரித்தலை வாத்துகளிடமும் இப்பழக்கம் இருந்தால், கரையோரத்துப் பறவைகளை மட்டும் எடுத்த படங்கள் இளம் பறவைகளை மிகைப்படுத்தும். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதைச் சோதிக்க நல்ல வாய்ப்பு: கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒன்றையொன்று தழுவும் படங்களாக எடுத்து, வெட்டாமல், தேதியோடும் இடத்தோடும் சேர்த்துவைத்தால், விளிம்பின் விகிதத்தையும் நடுவின் விகிதத்தையும் தனித்தனியே எண்ணிவிடலாம்.