உணக்கலும் உறைபனியும்

கடல்படு பொருள்களுள் இறால் விரைவிற் கெடும் இயல்பினது. அதனைக் காத்த முறைகளின் வரலாறு மீன்வளத் துறையார்க்கே உரியதென்பர் சிலர். அது பொருந்தாது. அவ்வரலாற்றின் முதற் சான்றுகள் நம் இலக்கியத்திலேயே உள.

இறவு, இறா, இறால் என இவ்வுயிரைத் தமிழ் வழங்கும். நற்றிணை 45-ஆம் பாடலில், சுறாவை அறுத்து உணக்கிப் புள்ளோப்பும் பரதவர் மகளைக் காண்கிறோம். உப்பினை வண்டியேற்றி உள்நாடு சென்ற உமணரையும் சங்க நூல்கள் கூறும். ஊனின் நீரை அகற்றின் அது கெடாது என்பதே உணக்கலின் அடிப்படை. அதற்கு வெயிலும் உப்பும் போதும். காவல் மகளிர் கையில் இருந்தது.

பனிக்கட்டி வந்த வழி வேறு. 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு அது கப்பலேறி வந்தது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அதற்கெனக் கட்டடம் எழுந்தது. இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுவே. அப் பனிக்கட்டி பெரிதும் செல்வர் விருந்துக்கே பயன்பட்டது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை புகைவண்டி ஓடிற்று. அவ்விருப்புப்பாதை மேலுள்ளதே கடம்பத்தூர். கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடைப்பட்ட காலம் இங்ஙனம் சுருங்கிற்று. ஆயினும் குளிரின்றி விரைவு மட்டும் இறாலைக் காவாது.

1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று. 1957-இல் அங்கு மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் தோன்றிற்று. உணக்கல் நீரை அகற்றும்; உறைபனியோ நீரை ஊனுள்ளேயே கட்டும். பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் நுண்ணுயிர்கள் பெருகா. அவை முற்றும் அழிவதும் இல்லை. எனவே வழியிற் குளிர் ஒருமுறை தளரினும் கேடு தொடங்கும். இறாலின் உடலிலுள்ள நொதிகள் ஓட்டினைக் கருக்கவும் செய்யும். பிடித்த உடனே தலை நீக்கிப் பனிக்கட்டியில் இடுவது இதனாற்றான்.

குளிர் உள்ள நலத்தைக் காக்குமேயன்றி, இழந்த நலத்தை மீட்காது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் தூய்மைக் குறையால் இந்தியக் கடலுணவை விலக்கியபோது இவ்வுண்மை புலனாயிற்று. பழவேற்காட்டு ஏரியின் இறாலுக்கும் இது பொருந்தும். வெயில் எல்லார்க்கும் பொது, பனிக்கட்டியோ விலைப்பொருள். அதனை வாங்க இயலாத வலைஞன் கிடைத்த விலைக்கு உடனே விற்கவேண்டியவனாகிறான். ஆதலின் குளிர்ச் சங்கிலியின் முதற்கண்ணி அவன் படகிலேயே அமைதல் வேண்டும். புள்ளோப்பிய மகள் காத்த பொருளும் அவன் காக்கவேண்டிய பொருளும் ஒன்றே. காக்கும் கருவிதான் அவன் கைவிட்டுப் போயிற்று என்க.