பனியை நிறுத்துப் பார்த்த லத்தீன் வாத்தியார்

எங்க ஊர்ல ‘பனி’ன்னா விடியக்காலையில தேயிலைக் கொழுந்து மேல நிக்கிற ஈரம். இல்லாட்டி நக்கிள்ஸ் மலையை மறைக்கிற மூட்டம். வெள்ளையாக் கொட்டுற பனியை மாத்தளையில யாரும் கண்டதில்லை. அப்புறம் எதுக்கு அதைப் பத்தி எழுதுறேன்? அந்தப் பனியை முறையா அளக்கிற வழியைக் காட்டினவர்களில் முக்கியமானவர் நம்மளை மாதிரி ஒரு கலைப்பீடத்து ஆள்.

பெயர் ஜேம்ஸ் எட்வர்ட் சேர்ச். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் படிப்பித்தவர். வறண்ட ஊர் அது. குளிர்காலத்தில் மலையில் விழும் பனி உருகி வந்தால்தான் கோடையில் ஆற்றில் தண்ணீர். எவ்வளவு வரும் என்று பனியின் ஆழத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. புதுசா விழுந்த பனி பத்து அங்குலம் உருகினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் தண்ணீர்தான். மாசக்கணக்கா இறுகிக் கிடந்ததென்றால் மூணு, நாலு அங்குலம்கூடத் தேறும். 1900களின் தொடக்கத்தில் சேர்ச் றோஸ் மலையில் ஏறி, ஒரு நீளக் குழாயைத் தரை முட்டும்வரை பனிக்குள் இறக்கி, உள்ளே சிக்கியதோடு தூக்கி நிறுத்தார். நிறைதான் தண்ணீரின் அளவு. அவ்வளவுதான் விஷயம்! பக்கத்து டாஹோ ஏரியில் கரையில் இருந்தவங்களுக்கும் கீழே தண்ணீர் கேட்டவங்களுக்கும் ஓயாத சண்டை. ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்ல இந்தக் கணக்கு உதவியது.

நமக்கு அந்தப் பனி இல்லை, ஆனா அதே கேள்வி இருக்கு. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை கொட்டுற மழையை, காயுற மாசங்களுக்கு யார் பிடிச்சு வைக்கிறது? அங்கே மலையே பிடிச்சு வைக்குது. இங்கே மனுஷன் கட்டணும். 3ஆம் நூற்றாண்டில் மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளத்துக்கு அம்பன் கங்கைத் தண்ணீர் போனது. 1976இல் பொல்கொல்லையிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியா மகாவலி உக்குவளைக்கு வந்தது. 2018இல் மொரகஹகந்த. கட்டினவங்க பேர் பாடப்புத்தகத்தில் இருக்கு. அளந்தவங்க பேர்?

எங்க தாத்தா தோட்டத்துல மழை அளந்தவர். தினமும் காலையில மழைமானியில் சேர்ந்த தண்ணியைக் கண்ணாடிக் குழாயில் ஊத்தி, அளவைக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லணும். நிர்வாகம் மாறினப்போ அந்தக் கொப்பிகளையெல்லாம் ஃபெக்டரிக்குப் பின்னால போட்டு எரிச்சாங்களாம். முப்பது வருஷத்து மழை. கேட்டப்போ எனக்குத்தான் கோபம் வந்தது, அவருக்கு இல்லை.

சேர்ச்சின் அஸ்தி அந்தப் பல்கலைக்கழகக் கலைக் கட்டடத்தின் மூலைக்கல்லுக்குள் இருக்கு என்று தாத்தாகிட்ட சொன்னேன். அதை அவர் பெரிசா எடுத்துக்கல.

“பனியையுமா நிறுப்பாங்க? மூட்டம் போட்ட நாள்ல மழையே இருக்காது, ஆனா மேல காட்டுக்குள்ள மரமெல்லாம் சொட்டிக்கிட்டே இருக்கும். ஓடையில தண்ணி ஓடும். கொப்பியில சைபர்னுதான் எழுதுவாங்க.”

அவர் சொன்னது சரி. நக்கிள்ஸ் உச்சிக் காடுகளில் மூட்டம் இலையில் பட்டுச் சொட்டுற தண்ணீரும் ஓடைக்குத்தான் போகுது. வெட்டவெளியில் வைத்த மழைமானிக்கு அது தெரியாது.